பிள்ளை பெயரில் ஓடும் அப்பாவின் கார்

1953 மே 15 அன்று, கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் ஒரு பந்தயம் நடந்தது. ஓடியவை கைக்கு அடக்கமான மரக் கார்கள். சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான குருளையர் படையின் தலைவர் டான் மர்ஃபியின் மகனுக்கு அப்போது 10 வயது. பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் கலந்துகொள்ள அன்றைய விதிப்படி 12 வயதாவது ஆகியிருக்க வேண்டியிருந்தது. கலந்துகொள்ள முடியாத மகனின் ஏக்கத்தைத் தீர்க்க மர்ஃபி யோசித்ததுதான் பைன்வுட் டெர்பி. ஒரு பைன் மரக்கட்டை, நான்கு சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி, இவ்வளவுதான் பொருள். இன்றைய விதிப்படி எடை 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராமைத் தாண்டக் கூடாது. இன்ஜின் கிடையாது. சரிவிலிருந்து விட்டால் தானே ஓட வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதே இதன் அடிப்படை நோக்கம்.

இந்த ஏற்பாட்டில் மெச்சத்தக்கது அதன் எளிமை. எல்லோருக்கும் ஒரே கட்டை, ஒரே ஆணி என்பதால் வேலைப்பாடுதான் வித்தியாசத்தைக் காட்டும். ஆணித் தலைக்கு அடியில் இருக்கும் சிறு பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, கொஞ்சம் கிராஃபைட் பொடி தூவினால் உராய்வு குறைகிறது. எடையைப் பின்பக்கம் வைத்தால், சரிவில் நிற்கும்போது அது சற்று உயரத்தில் இருக்கும். கூடுதலாக இறங்குவதால் வேகமும் கூடும். பாடப்புத்தகத்தில் நிலையாற்றல் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை இங்கே அதைக் கண்ணால் பார்க்கிறது.

குறையும் இங்கேயேதான் முளைக்கிறது. ‘சேர்ந்து செய்யுங்கள்’ என்கிறது விதி. ‘யார் முதலில் வந்தது’ என்று மட்டுமே கேட்கிறது பந்தயம். ஜெயிக்க வேண்டும் என்றால் பத்து வயதுக் கையைவிட நாற்பது வயதுக் கைதான் உதவும். எனவே உளி அப்பா கைக்குப் போகிறது, பிள்ளைக்குப் பெயிண்ட் பிரஷ் மிஞ்சுகிறது. மெருகேற்றிய ஆணிகளையும் அளவெடுத்த எடைத் துண்டுகளையும் விற்க ஒரு சந்தையே உருவாகிவிட்டது. மகன்களின் பந்தயத்தை அப்பாக்கள் பிடுங்கிக்கொள்வதைக் கேலி செய்து 2005இல் ‘டவுன் அண்ட் டெர்பி’ என்ற திரைப்படமும் வந்தது.

மூத்த பந்தயமான சோப் பாக்ஸ் டெர்பியில் பெரியவர்களின் இந்தத் தலையீடு எந்த எல்லைக்குப் போனது என்பதற்கு 1973 சாட்சி. அக்ரன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெயித்த 14 வயதுச் சிறுவனின் காரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முன்மூக்கில் மின்காந்தம் ஒளிந்திருந்தது. தொடக்கக் கோட்டில் கார்களைத் தடுத்து நிற்கும் இரும்புத் தகடு முன்னால் சாயும்போது, காந்தம் காரையும் சேர்த்து இழுத்துவிடும். சிறுவன் தகுதி நீக்கம் செய்யப்பட்டான். ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் அவனுடைய நெருங்கிய உறவினர். அவர் பனிச்சறுக்குக் காலணி தயாரிப்பாளர் என்பது, ஷூ செய்தே பிழைக்கும் ஆம்பூர்க்காரர்கள் புன்னகைக்கக்கூடிய தகவல்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தெருக்களுக்கு மரக் கார் பந்தயம் புதிது. வண்டி செய்வது புதிதல்ல. தேய்ந்த ஹவாய் செருப்பின் மேல் பாட்டில் மூடியை வைத்துக் கோடு போட்டு, வட்டமாக அறுத்தால் சக்கரம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி அச்சு. தீர்ந்துபோன பேனாக் குழாயில் அந்தக் கம்பியைச் செருகினால் பேரிங் தயார். துளை நடுவில் விழாவிட்டால் வண்டி தத்தித் தத்தி ஓடும். பிள்ளை வேறு சக்கரம் அறுக்கும். நுங்கு வண்டியும் இதே குடும்பம்தான். பெரியவர் கை படாததால் இதில் ஏமாற்று இல்லை, செலவும் இல்லை. ஆனால் ‘ஏன் தத்துகிறது’ என்று கேட்கவும் ஆளில்லை. அறிவு கையிலேயே நின்றுவிடுகிறது, நோட்டுக்கு வருவதில்லை.

அதே வீட்டில் அப்பா ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவராக இருக்கலாம். அம்மா ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைப்பவராக இருக்கலாம். இழை பிசகாமல் வெட்டவும் தைக்கவும் தெரிந்த இந்தக் கைகளைப் பள்ளிக்கூடம் அழைத்ததே இல்லை. மாறாக, தெர்மாகோல் ‘ப்ராஜெக்ட்’ கொண்டுவரச் சொல்லும். ஷிஃப்ட் முடிந்து வரும் பெற்றோர் கடையில் வாங்கிக் கொடுப்பார்கள். பைன்வுட் டெர்பியின் குறை பந்தயமே இல்லாமல் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது, நிறைதான் வரவில்லை.

எனவே பந்தயம் வேண்டும், விதியை மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலானவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய, செய்து பார்த்து அறிவியல் கற்கும் திட்டமான வானவில் மன்றம் இதற்கு ஏற்ற இடம். வண்டியைப் பள்ளியிலேயே, எல்லோர் கண்ணெதிரிலும் செய்யட்டும். பெற்றோர் கத்தி பிடிக்கும் விதத்தைத் தனியாக ஒரு ரப்பர் துண்டில் செய்து காட்டலாம், பிள்ளையின் வண்டியைத் தொடக் கூடாது. மூன்று ஓட்டம் விட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு என்ன மாற்றினோம், நேரம் எவ்வளவு குறைந்தது என்று எழுதட்டும். முதல் ஓட்டத்துக்கும் மூன்றாம் ஓட்டத்துக்கும் இடையே அதிகம் முன்னேறிய வண்டிக்கே பரிசு. கடையில் வாங்கிய வண்டிக்கு அந்தப் பரிசு எட்டாது.

ஒரு எச்சரிக்கை அவசியம். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று குரோம் தோல் துண்டுகளையும் ஒட்டும் சொல்யூஷனையும் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. தோல் பதனிடும் கழிவு மண்ணையும் நீரையும் என்ன செய்யும் என்பது பாலாற்றங்கரைக்குத் தெரியும். இந்தக் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கே வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்ததுதான். பழைய ரப்பர் செருப்பும் ஸ்போக்ஸ் கம்பியும் போதும்.

ஜெயித்த பிள்ளையிடம் ‘இந்தச் சக்கரத்தை ஏன் இப்படி வைத்தாய்’ என்று கேளுங்கள். பதில் பிள்ளையிடமிருந்து வந்தால் பந்தயம் உருப்படியானது. அப்பா முந்திக்கொண்டு பதில் சொன்னால், கோப்பையை அவரிடமே கொடுத்துவிடலாம்.