மானம் யாருக்கு? – ‘தில்லானா மோகனாம்பாள்’: ஒரு மறுவாசிப்பு

சங்ககிரிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மேடைக்கு ஓரமாய் நாயனமும் தவிலும். பக்கத்திலேயே ஆளுயர ஸ்பீக்கர். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் வந்து, ‘ஏனுங்க, அந்தத் தில்லானா மோகனாம்பாள் பாட்டை ஒண்ணு எடுத்து உடுங்க’ என்பார். நாயனக்காரர் பாதியில் நிற்கும் ராகத்தை விட்டுவிட்டு அதை வாசிப்பார். படத்தில் வரும் சிக்கல் சண்முகசுந்தரமோ, கோயில் திருவிழாவில் வேட்டுச் சத்தம் குறுக்கிட்டதற்காகவே வாத்தியத்தை நிறுத்தி எழுந்துபோகிறவர். அந்த ரோஷக்காரரின் படப்பாட்டைக் கேட்டுத்தான் இந்த மனுஷரின் ராகத்தை நிறுத்துகிறோம். இந்த முரணிலிருந்து அப்படத்தை மறுபடி வாசிக்கத் தோன்றுகிறது.

வாசிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1968இல் அதை எடுத்த ஏ.பி. நாகராஜன் நம்ம ஊர்க்காரர். பெயரின் முதலெழுத்தில் இருப்பதே சங்ககிரியை ஒட்டிய அக்கம்மாபேட்டைதான். சின்ன வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் கட்டியவர். 1957இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’க்கு எழுதி, சிவாஜியைக் கொங்குத் தமிழ் பேச வைத்தவர். பேச்சுக்குள் ஊரும் சாதியும் ஒளிந்திருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் காவேரிக்கரை இசைக்காரர்களின் உலகத்துக்குள் போகிறார். கொண்டுவந்தது எதை, விட்டுவிட்டது எதை?

1

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை இது. கோபுலுவின் படங்களோடு 1950களின் பிற்பகுதியில் வந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல். அதாவது, சட்டப்படி முடிந்துபோன ஓர் உலகத்தைச் சுமார் பத்து வருஷம் கழித்து வாரம் ஒரு தவணையாகத் திரும்பிப் பார்த்த பிரதி அது. அதற்கும் பத்து வருஷம் கழித்து வந்த படம், அந்த ஏக்கத்துக்கே ஏங்குகிறது. வண்ணத்தில், பட்டில், விளக்கொளியில்.

படத்தில் வருவது வெள்ளைக்காரன் காலம். மைனர் உண்டு, மகாராஜா உண்டு, துரைமார் முன்னால் இங்கிலீஷ் நோட்டு வாசிப்பதும் உண்டு. இல்லாதது அந்தக் காலத்தின் வாக்குவாதம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1929இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. கோயில் ஊழியத்தோடு கட்டிப்போட்டிருந்த மானிய நிலத்தை அது தாசிகளுக்கு விடுவித்தது. அப்போது மாகாண அமைச்சரவைக்குத் தலைமை வகித்தவர் சங்ககிரிக்கு அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் ப. சுப்பராயன். 1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ நாவலை வெளியிடுகிறார். சட்டமன்றத்திலும் பொதுக்கூட்டத்திலும் தாசி வீட்டிற்குள்ளும் நடந்த இந்தச் சண்டையின் ஒரு கீற்றுகூடப் படத்தில் இல்லை. ‘பீரியட் படம்’ என்கிற வகை பெரும்பாலும் இப்படித்தான்: அந்தக் காலத்து நகையும் விளக்கும் வந்துவிடும், பிரச்சினை மட்டும் வராது.

2

இந்த இல்லாமைதான் காதலைச் சாத்தியப்படுத்துகிறது என்பது என் வாசிப்பு. சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் நடுவே இருப்பது நாயனமா சலங்கையா என்ற போட்டி. போட்டி காதலாகிறது. ஆனால் இரண்டு தரப்புக்கும் ஒரே தராசு இல்லை. அவனுடைய மானம் கலையைச் சார்ந்தது. எழுந்து போய்விட்டால் காப்பாற்றியாயிற்று. அவளுடைய மானமோ உடலைச் சார்ந்தது. எவ்வளவுதான் ஆடினாலும் ‘நான் அப்படிப்பட்டவள் இல்லை’ என்று படம் முழுக்க அவள் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அவன் சந்தேகப்படலாம், அவனிடம் யாரும் நிரூபணம் கேட்பதில்லை.

தாய் வடிவாம்பாளைப் பாருங்கள். சி.கே. சரஸ்வதி பிரமாதமாகச் செய்திருக்கும் பாத்திரம். பேராசைக்காரி என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். பெண்வழியாகச் சொத்தும் தொழிலும் இறங்கிய ஒரு வீட்டின் கணக்குப்பிள்ளை அவள். ஆதரிப்பவர் இல்லாமல் சதங்கை கட்ட முடியாத ஏற்பாட்டை அவள் உண்டாக்கவில்லை. நாகேஷின் வைத்தியும் அதே மாதிரிதான். தரகன் மேல் விழும் வசவும் சிரிப்பும், வாங்க வந்த சீமான்கள் மேல் அந்த அளவுக்கு விழுவதில்லை. ராமாமிர்தம் அம்மையார் எழுதும்போது மைனரும் கோயிலும் பணமும் ஒரே வலையின் கண்ணிகளாக இருந்தன. படம் வலையை மறைத்து, ஒரு கண்ணியை மட்டும் நகைச்சுவையாகக் காட்டுகிறது.

3

நியாயமாகப் பேச வேண்டும். நாயனக்காரனைக் கதாநாயகனாக நடுவில் உட்கார வைத்து, அவன் கோபத்துக்கு முன் ஊர்ப் பெரியவர்களைக் கெஞ்ச வைத்த படம் இது. அதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது. மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பை ஊரூராகக் கொண்டுபோனதும் இதுதான். இருந்தாலும் திரையில் உப்பும் கன்னம் சிவாஜியுடையது, மூச்சு அவர்களுடையது. ‘சிவாஜி என்னமா வாசிச்சாரு’ என்று ஜனங்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, ஓர் உண்மை காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டத்திலும் அதே இடமாற்றம். வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்ற பத்மினி மோகனாவாக ஆடியபோது, சதிர் பரதநாட்டியமாகி, 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா போன்ற இடங்கள் வழியே வேறு வீட்டுப் பெண்களின் கலையாகி முப்பது வருஷம் ஆகியிருந்தது. மோகனாவின் வீட்டுப் பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடுவதுதான் கௌரவம் என்று ஆகியிருந்த காலம் அது.

நாகராஜன் தன்னை வைத்த இடம் எது? எனக்குப் படுவது, மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி. கோயிலும் அரண்மனையும் இல்லாத, கொட்டகை கட்டி டிக்கெட் விற்கும் நாடகக்காரி. ஊர் ஊராய்ப் போன கம்பெனிப் பையனுக்கு அவளைத்தான் உள்ளிருந்து தெரிந்திருக்கும். படத்தில் யாரிடமும் எதையும் நிரூபிக்காமல் ஆசையைச் சொல்லிவிட்டுப் போகிறவளும் அவள் ஒருத்திதான். அவளுக்குக் காதல் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1989இல் ‘கரகாட்டக்காரன்’ இதே கட்டமைப்பைக் கரகத்துக்கு மாற்றியது. 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது நம் விவாதம் பெரும்பாலும் நாவலில் எது விடுபட்டது, நகை சரியா, நடிகர் பொருத்தமா என்பதோடு நின்றது. நாவலுக்குப் படம் விசுவாசமா என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் காலத்து மனுஷருக்கு இரண்டும் விசுவாசமா என்பதுதான் முதல் கேள்வி.

மண்டபத்து நாயனக்காரரிடம் திரும்பலாம். வாசித்து முடிந்ததும் அவருக்குக் கடைசிப் பந்தி. வெளியே வேட்டு போடுகிறார்கள். அவர் எழுந்து போகவில்லை. போனால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். சிக்கலாரின் ரோஷத்துக்குக் கைதட்டிய ஊர்தான் இது. அந்த ரோஷத்தை இவருக்கு அனுமதிக்கிற கதையை யார் எழுதப்போகிறோம்?