பொருள் தெரியும், வாக்கியம் வராது

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் யோசிக்காமல் 'விவாதி' என்பார்கள். அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், 'வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ராப்ளம்' என்று வரும். தமிழில் ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல் 'அபவுட்'டை ஏற்பதில்லை. அர்த்தத்தை மட்டும் நெட்டுருப் போட்ட பிள்ளைக்கு இது தெரிய வழியில்லை.

எளிய விளக்கம், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியம் என்று சொல் கற்கும் இன்றைய முறை உருப்பெற்றதில் ஆசிய வகுப்பறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, 'நெட்வொர்க்' என்ற சாதாரணச் சொல்லை அதைவிடக் கடினமான சொற்களால் விளக்கியது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு அதனால் நட்டமில்லை. டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட்டுக்கு எதிரே இருந்தவர்களோ வங்காளப் பிள்ளைகள். 1935-இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. தோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், எது வராது என்பதைக் கட்டம் கட்டிக் காட்டினார். 1942-இல் ஜப்பானில் வந்த அவருடைய அகராதியையே 1948-இல் ஆக்ஸ்போர்டு மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர் கைகளில் உள்ள ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுதான்.

ஹார்ன்பியின் பங்கை வெஸ்ட்டின் பங்குக்கும் ஒரு படி மேலே வைக்கலாம். 'சஜஸ்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். 'யோசனை சொல்' என்று படித்தவர், 'அவனைப் போகச் சொல்லி யோசனை சொன்னேன்' என்பதை 'ஐ சஜஸ்டட் ஹிம் டு கோ' என்று எழுதுகிறார். அட்வைஸ் என்றால் அந்த அமைப்பு பொருந்தும். சஜஸ்ட் என்றால் 'ஐ சஜஸ்டட் தட் ஹி கோ' என்றுதான் வர வேண்டும். இரண்டு சொற்களுக்கும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது எடுத்துக்காட்டு வாக்கியம்.

எளிய விளக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. சொற்களைக் குறைக்கக் குறைக்க, துல்லியமும் குறையும். ஜார்ஜ் மில்லரும் பாட்ரீஷியா கில்டேயும் 1987-இல் எழுதிய கட்டுரையில், அகராதி விளக்கத்தைப் படித்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களைத் தந்தார்கள். 'எரோட்' என்றால் அரித்தல். அகராதியில் 'ஈட் அவுட்' என்றும் போட்டிருந்தது. ஹோட்டலில் சாப்பிடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே தொடர்தான். ஒரு குழந்தை, தன் குடும்பம் அடிக்கடி 'எரோட்' ஆகிறது என்று எழுதிவிட்டது! குழந்தையின் தர்க்கத்தில் பிழையே இல்லை. ஆற்றங்கரையை வெள்ளம் அரித்தது என்று ஒரு வாக்கியம் பக்கத்தில் இருந்திருந்தால், அந்த வாக்கியம் பிறந்திருக்காது.

அப்படியென்றால் எடுத்துக்காட்டு மட்டும் போதுமா? போதாது. அகராதி ஆசிரியர் தானே புனைந்த வாக்கியம் பல நேரம் யாரும் பேசாத வாக்கியமாகிவிடுகிறது. ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, புழக்கத்தில் உள்ள எழுத்தையும் பேச்சையும் கணினியில் திரட்டி, அதிலிருந்தே வாக்கியங்களை எடுத்தது. நல்ல புரட்சிதான். ஆனாலும் இடம் பொருள் தெரியாமல் பிடுங்கி வைத்த உண்மையான வாக்கியத்தில், தேடிய சொல்லைவிடக் கடினமான நாலு சொற்கள் வந்து நிற்பதுண்டு. தொடக்க நிலையில் உள்ளவருக்குப் புனைந்த வாக்கியமே நல்லது, வளர்ந்தவருக்கு உண்மையானது.

மிகவும் பழகிய சொற்களில்தான் இந்த முறை அதிகம் திணறுகிறது. கெட், டேக், புட், மேக் போன்றவற்றுக்கு விளக்கம் எழுதினால் பக்கம் நிறையும், மனதில் ஒன்றும் நிற்காது. நாம் மாத்திரை 'போடுகிறோம்'. ஆங்கிலத்தில் அது 'டேக்'. முடிவு 'எடுக்கிறோம்', அங்கே பெரும்பாலும் 'மேக்'. ஒரு வாக்கியத்தால் இந்தச் சேர்க்கைகள் பிடிபடாது. ஒரே சொல்லுக்கு ஐந்தாறு வாக்கியங்களை அடுத்தடுத்துப் படித்தால்தான் கொஞ்சமாவது படியும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், தமிழே கூடாது என்ற பிடிவாதமும் பல பள்ளிகளில் இருக்கிறது. அது வீண் பிடிவாதம். தாய்மொழிப் பொருள், ஆங்கில விளக்கம், எடுத்துக்காட்டு மூன்றையும் சேர்த்துத் தரும் அகராதி, மற்ற வகைகளுக்குக் குறையாமலோ அவற்றைவிட மேலாகவோ பயன்படுகிறது என்று பாட்டியா லாஃபரும் லினார் ஹதாரும் 1997-இல் இஸ்ரேலிய மாணவர்களிடம் கண்டார்கள். ஆங்கில விளக்கத்தோடு தமிழ்ப் பொருளையும் தரும் லிப்கோ அகராதியை வீட்டில் வைத்திருந்த தலைமுறை இதை ஆய்வு இல்லாமலே அறிந்திருந்தது.

குறை, தேர்வு கேட்கும் விதத்திலும் இருக்கிறது. கோடிட்ட சொல்லுக்கு இணைச்சொல் எது, எதிர்ச்சொல் எது என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மதிப்பெண் கொடுத்தால், பிள்ளைகள் பட்டியலைத்தான் படிப்பார்கள். அதே சொல்லைத் தவறாக ஆண்ட ஒரு வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் கேள்வியைக் கூட்டலாம். பாட இறுதியில் வரும் அருஞ்சொல் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பாடத்தில் இல்லாத இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கலாம். அதற்கு இடம் போதாது என்றால், பட்டியலில் பாதிச் சொற்களை எடுத்துவிடலாம்.