புண்ணொடு வருதல்: அரியலூர் இரயில் விபத்தின் நினைவும் மீட்டவர் நிலையும்

1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் தகர்ந்தமையால் ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்ப் பொதுநினைவில் இந்நிகழ்வு இரு வடிவங்களில் நிலைபெற்றுள்ளது. ஒன்று, இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகிய அறக்கதை. மற்றொன்று, துணையமைச்சர் ஓ.வி. அழகேசனை நோக்கி 1957 தேர்தல் களத்தில் தி.மு.க. எழுப்பிய எதுகை முழக்கம். இரண்டிலும் அமைச்சர்கள் உள்ளனர். இறந்தோரும் எண்ணிக்கையாகவேனும் உள்ளனர். நொறுங்கிய பெட்டிகளிலிருந்து உடல்களைத் தேடியெடுத்தோர் இல்லை. (பெரம்பலூரிலிருந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23-இல்தான், 2007-இல்.)

மீட்டவரைப் பாடும் மரபு தமிழில் இல்லாமையால் நேர்ந்த வெற்றிடமன்று இது. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்டல் கரந்தை; தொல்காப்பியம் அதனை வெட்சியுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்குகிறது. அத்திணையின் துறைகளுள் ஒன்று 'புண்ணொடு வருதல்'. மீட்கச் சென்றவன் காயமுற்றே திரும்புவான் என்பதை இலக்கணமே எதிர்பார்த்திருந்தது. காயமுற்றவனைக் காக்கும் முறையையும் புறம் அறியும்: அரிசில் கிழாரின் புறநானூற்று 281-ஆம் பாடலில் மனையில் வேம்பு செருகி, ஐயவி சிதறி, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பிப் புண்பட்டோனைக் காக்கின்றனர். ஆயினும் அங்கே புண் உடலில் உள்ளது. காண்போர்க்குப் பெருமையும் தருகிறது. பிறர் உடல்களைத் திரட்டியவனின் நெஞ்சில் தங்கும் புண்ணுக்கு அத்துறை இடமளிக்கவில்லை. நவீன மருத்துவமும் விரைந்து விடவில்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயரை அமெரிக்க உளமருத்துவக் கையேடு ஏற்றது 1980-இல். மனித உடலெச்சங்களைச் சேகரிக்கும் முதல்நிலை மீட்பரை அது எடுத்துக்காட்டாகவே சுட்டியது 2013-இல்.

குடியையும் இவ்வகையில் நோக்கலாம். வெட்சியின் 'உண்டாட்டு' வென்றவர் கூடிக் கள்ளருந்தும் துறை. அது ஊரறிய நிகழ்வது. பிணமெடுப்போர் குடித்துத்தான் ஆகவேண்டும் எனும் இன்றைய பொதுப்புத்தி உண்டாட்டின் எச்சம்போல் தோன்றினும் அதற்கு நேர்மாறானது. இங்கு வெற்றி இல்லை, பந்தி இல்லை. வாடையையும் காட்சியையும் மழுக்கத் தனியே குடிக்கும் குடி. அதனைத் தொழிலின் இயல்பெனக் கருதும் பேச்சு, நோயைச் சம்பளத்தின் ஒரு பகுதியாக்கிவிடுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பயன்பாட்டால் வரும் மனநிலைகளையும் மனநோய் வரையறையுள் சேர்த்துள்ளது. பேச்சுவழக்கு இன்னும் அங்கு வரவில்லை.

மறுவாழ்வுத் துறையின் சொற்களும் ஆராயத்தக்கவை. வெள்ளத்திலிருந்து மீட்பதும் 'மீட்பு', மதுவிலிருந்து மீட்பதும் 'மீட்பு'. மீட்டல் பிறவினை, மீள்தல் தன்வினை. 'போதை மீட்பு மையம்' என்ற பெயரில் உள்ளே இருப்பவர் செயப்படுபொருளாகவே நிற்கிறார். நேற்றுவரை அதே வினைக்கு எழுவாயாயிருந்த ஒருவர்க்கு இவ்விடமாற்றம் எளிதன்று. கொடுத்தே பழகிய கை வாங்க மறுப்பதை, ஒத்துழையாமை எனக் குறிப்பேட்டில் எழுதுவது மேலோட்டமான வாசிப்பு. 'மீள்வு' என்ற சொல் இருக்க, துறை அதனைப் பெரிதும் ஆளாதது சொற்பஞ்சத்தாலன்று.

2008 முதல் 108 அவசர ஊர்திகள் தமிழகச் சாலைகளில் ஓடுகின்றன. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுக்கிறது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகளின் சரக்குந்துகள். 2023 அக்டோபரில் விரகாலூர் வெடி ஆலை வெடித்தது. அன்றைய பதிவுகளிலும் இறந்தோர் தொகை உண்டு, இழப்பீட்டுத் தொகை உண்டு. தீயினுள் நுழைந்து வெளிவந்தோர் அன்றிரவு எங்கு உறங்கினர் என்பதற்குத் துறை வகுக்கப்படவில்லை.