வெற்று நாற்காலி: பில் காஸ்பி வழக்கும் பார்வையாளர் மனநிலையும்

பில் காஸ்பி மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் 2005ஆம் ஆண்டிலேயே நாளிதழ்களில் வெளிவந்தன. எனினும் 2014இல் மேடை நகைச்சுவையாளர் ஹனிபல் பரஸ் அவற்றைச் சுட்டிச் சாடிய பின்னரே பொதுவெளி கொதித்தெழுந்தது. பெண்கள் பலர் கூறியபோது புறந்தள்ளப்பட்டது, ஆண் ஒருவர் கூறியதும் செய்தியாயிற்று. 'தி காஸ்பி ஷோ' (1984-1992) நிறுவிய அன்புத் தந்தையின் உருவத்தையே பார்வையாளர் காக்க முனைந்தனர் எனலாம், நடிகரை அன்று. 2015இல் 'நியூயார்க்' இதழ் 35 பெண்களை அட்டைப்படத்தில் அமர்த்தி, இறுதியில் ஒரு நாற்காலியை வெறுமையாக விட்டது. அவ்வெறுமை இன்னும் பேசாதோரைக் குறிப்பதாகவே பெரிதும் வாசிக்கப்பட்டது. கேட்க மறுத்தோரையும் அது குறிக்கும். 2018இல் குற்றவாளி எனக் கண்ட தீர்ப்பை, முன்னைய அரசு வழக்கறிஞர் அளித்த உறுதியைக் காரணம் காட்டி, பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் 2021இல் நீக்கியது. குற்றம் நிகழவில்லை என்று அது கூறவில்லை. ஆயினும் தொடரில் மனைவியாக நடித்த பிலீசியா ரஷாத், பெருந்தவறு ஒன்று திருத்தப்பட்டதாகவே அதனை வரவேற்றார்.