பழைய பான்ஷீயின் சீரான உறுமல்

கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் ஓடித் தேய்ந்த யமஹா பான்ஷீயின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதே ஒரு அழகு. நான்கு சக்கர வண்டி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். உட்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் வேலை முடிந்த சிலிண்டருக்குள் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் மின்னும். அந்தச் சொரசொரப்பில்தான் ஆயில் தங்கும். பிஸ்டன் காடியிலுள்ள சிறு முளையில் ரிங்கின் வாய் உட்கார, விரலால் அமுக்கிக்கொண்டே சிலிண்டரை மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ரிங் முறியும்.

அடுத்தது டியூனிங். த்ராட்டிலை அழுத்தினால் இரண்டு கார்புரேட்டர் ஸ்லைடுகளும் ஒன்றாக எழ வேண்டும். இல்லையேல் ஒரு சிலிண்டர் இழுக்க, மற்றது சுணங்கும். கேபிள் திருகைக் கொஞ்சம் திருப்பி, காது கொடுத்து, மறுபடி திருப்பி, கடைசியில் இரண்டு துடிப்பும் சேர்ந்து ஒரே உறுமலாகும். நல்ல மெக்கானிக்குக்கு முதல் கருவி காதுதான்.