ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ்: பூஜ்யம்

ஐடி வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சியின் மெயிலில் வழக்கமாக ஒரு சின்ன அட்டவணை இருக்கும். மொத்த அனுபவம், ரெலவன்ட் அனுபவம், இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட். தனியார் பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருடம் ஜாவா நடத்திய உதவிப் பேராசிரியர் முதல் கட்டத்தில் 9 என்று போட்டுவிடுவார். இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது? ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ஐடிக்குப் போகலாமா என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்தில்தான் பதில் இருக்கிறது. ‘தைரியமா போங்க’ என்று உசுப்பேற்றுபவர்கள் அதிலும் 9 போடச் சொல்கிறார்கள். கம்பெனி அதை 0 என்று படிக்கிறது. இரண்டும் தப்புக் கணக்கு என்பது என் கட்சி.

காசு விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம், பொய் அதிகம் புழங்குவது அங்கேதான். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. பெரிய ஐடி கம்பெனிகள் புதியவர்களுக்குக் கொடுப்பதோ பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிடித்தம் போக மாதம் இருபத்தைந்தாயிரம் கைக்கு வந்தால் அதிகம். அரசு ஆசிரியர் இதை யோசிக்கவே தேவையில்லை. பணியில் இருப்பவர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஸ்டாஃப் ரூம்களில் கலக்கம் இருப்பது நியாயம்தான். அதற்காகப் படிக்க வேண்டியது டெட் பாடத்திட்டத்தை; பைத்தானை இல்லை.

சுயநிதிக் கல்லூரிக்காரர் கதை வேறு. ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க ஊதியம் 57,700 ரூபாய். அதில் பாதியைக்கூடத் தராத கல்லூரிகள் ஊருக்கு ஊர் உண்டு. 2018-இல் பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, பதினைந்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை இருபதுக்கு ஒருவர் என்று தளர்த்தியது. முந்நூறு மாணவருக்கு இருபது பேர் வேண்டியிருந்த துறைக்கு அன்றிலிருந்து பதினைந்து பேர் போதும். வேலையில் எஞ்சியவர்களின் தலையில் கோடை விடுமுறையில் அட்மிஷன் டார்கெட் வேறு. முனைவர் பட்டம் வாங்கியவர் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டு வாசலில் நோட்டீஸோடு நிற்கிறார். இவருக்கும் ஐடியின் முதல் இரண்டு வருடத்தில் லாபம் எதுவும் இருக்காது, அதே இருபத்தைந்தாயிரம்தான். லாபம் பிறகு, கம்பெனி மாறும்போது வரும். கல்லூரியில் அந்த ‘பிறகு’ கிடையாது என்பதால் இவருடைய ஆசையை நான் பேராசை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் வாசல் எங்கே? புதியவர்களை எடுக்கும் விளம்பரங்களில் எந்த வருடம் தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று பேட்ச். 2012-இல் தேறியவருக்கு அங்கே இடமில்லை. அனுபவசாலிகளுக்கான வாசலில் அந்த இரண்டாவது கட்டம் மறிக்கிறது. கம்பெனி போடும் பூஜ்யத்தில் நியாயம் உண்டா?

கல்லூரி லேபில் நடப்பதை உள்ளபடி பார்ப்போம். பயிற்சிகள் பத்துப் பன்னிரண்டு. ரெகுலேஷன் மாறும்வரை அதே ஸ்டாக், அதே கியூ. மாணவர் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, அவுட்புட் காட்டி, கையெழுத்து வாங்கி, ரெக்கார்டில் ஏற்றுகிறார். புரோகிராம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். கம்பெனியிலோ, யாரோ எழுதி, வேறு யாரோ திருத்தி, எழுதியவர் என்றைக்கோ வேலையை விட்டுப்போன ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் புகுந்து ஓரிடத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் வேறு எங்கே உடையும் என்றும் தெரிய வேண்டும். ஒன்பது வருடம் ஜாவா நடத்தியவருக்கு இதை ஒரு தடவைகூடச் செய்ய நேர்ந்திருக்காது. ஆகவே டெவலப்பர் வேலைக்கு அந்தப் பூஜ்யம் சரிதான். திமிர் என்று தள்ள முடியாது.

அதே லேபில் இன்னொன்றும் நடக்கிறது. ‘ரன் ஆகல மேம்’ என்று ஒரு மாணவி கூப்பிடுகிறாள். லூப் ஒரு படி தாண்டி ஓடி எக்செப்ஷன் அடித்திருக்கிறது. ஆசிரியர் கீபோர்டைத் தொடாமல், ‘அரே எத்தனையிலேருந்து ஆரம்பிக்கும்மா?’ என்கிறார். ‘ஒண்ணுலேருந்து மேம்.’ அந்தப் பெண் எதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆசிரியருக்கு அந்த நொடியில் புரிந்துவிடுகிறது. எழுதியவர் மனதில் என்ன ஓடியது என்று அவுட்புட்டை வைத்தே பிடிக்கும் இந்தப் பழக்கம் வருடக்கணக்கில் ஊறினால்தான் வரும். டெஸ்டிங்கில் இதற்கு மதிப்பு உண்டு. வாடிக்கையாளர் அரைகுறையாகச் சொல்வதைக் கேட்டுத் தேவையை எழுதும் பிசினஸ் அனலிஸ்ட் வேலையிலும், வாங்கிய சாஃப்ட்வேரை அவர் அலுவலக ஆட்களுக்குப் பழக்கிவிடும் இம்ப்ளிமென்டேஷன் வேலையிலும் உண்டு. வணிகவியல் ஆசிரியர் பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனிக்குப் போனால் பற்று வரவை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. (நம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியோடு தினம் மல்லுக்கட்டும் ஒரு வகுப்பாசிரியரை எந்தப் பள்ளி சாஃப்ட்வேர் கம்பெனியும் டெஸ்டராக வைத்துக்கொள்ளலாம்.) இந்த வேலைகளுக்குப் பூஜ்யம் என்பது தவறு. அதற்காக 9-உம் இல்லை. 3 அல்லது 4 என்றால் ஒத்துக்கொள்வேன்.

0-க்கும் 9-க்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் சிலர் கடை விரித்திருக்கிறார்கள். கோர்ஸ் கட்டணத்தோடு ‘மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்’ தயாரித்துத் தருகிறோம் என்பவர்கள் ஒரு ரகம். தர்மம் இருக்கட்டும், வியாபாரமாகவே அது ஓட்டை. பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைப் போட்டால் எந்த மாதம் யார் பணம் கட்டினார்கள் என்று வந்துவிடும். கல்லூரி பிஎஃப் கட்டிய அதே மாதங்களில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்ததாக ரெஸ்யூமே சொன்னால் பின்னணிச் சரிபார்ப்பில் ஆட்டம் முடிந்தது. சேர்ந்த பிறகு பிடிபட்டால் வேலையும் போகும், திரும்பிப் போகக் கல்லூரியும் இருக்காது. நேர்மையான வழி வேண்டுமென்றால் ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம்; வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம்; தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்; டிப்ளமாவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. கடினம்தான். விடைத்தாள் திருத்தும் மாதங்களில் திணறிப்போவார்கள்.

கல்வியும் டெக்னாலஜியும் சேருமிடம் பாதுகாப்பு என்ற வாதத்தையும் உரசிப் பார்க்க வேண்டும். ஆன்லைன் கல்வி கம்பெனியான பைஜூஸ் 2020-இல், பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தரும் வைட்ஹேட் ஜூனியரை 30 கோடி டாலருக்கு வாங்கியபோது, வீட்டிலிருந்தே கோடிங் நடத்தலாம் என்று எத்தனையோ ஆசிரியைகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 2022-இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஆசிரியராக இருந்த ஒருவரே கட்டிய கம்பெனி அது. பழைய பெரிய கம்பெனிகளும் அடைக்கலம் இல்லை: 2025 ஜூலையில் டிசிஎஸ் அறிவித்த சுமார் பன்னிரண்டாயிரம் பேர் குறைப்பில் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலை ஊழியர்கள். முப்பத்தைந்து வயதில் உள்ளே போகிறவர், அந்தத் துறை தன் ஆட்களைக் கழிக்கத் தொடங்கும் வயதில் புதிதாக நுழைகிறார். புதியவர்களிடம் கொடுத்துவந்த சில்லறை கோடிங்கை இப்போது ஏஐ செய்துவிடுகிறது. எளிமையாக விளக்கி எழுதும் டெக்னிக்கல் ரைட்டிங்கிலும் அது கை வைத்துவிட்டது. ஆசிரியர்களுக்கென்றே அமைந்த வேலை என்று சில வருடம் முன்பு நான் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இன்று பட்டியலின் கடைசியில் வைக்கிறேன்.

தீர்ப்பு இதுதான். சுயநிதிக் கல்லூரியிலோ தனியார் பள்ளியிலோ இருப்பவர், முப்பத்தைந்துக்குள் என்றால் போகலாம், டெவலப்பர் கனவைக் கழற்றி வைத்துவிட்டு. தன் பாடத்தை ஒட்டிய சாஃப்ட்வேர் எதுவோ அதன் டெஸ்டிங்குக்கோ இம்ப்ளிமென்டேஷனுக்கோ, சின்ன கம்பெனியானாலும் பரவாயில்லை. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா. செமஸ்டர் முடிவாக இருந்தால் நல்லது, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு இழுத்தடிக்கும் நிர்வாகங்களிடம் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. நாற்பதைத் தாண்டி, ஒற்றைச் சம்பளத்தில் வீட்டுக் கடன் ஓட்டிக்கொண்டு, கோர்ஸ் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கப் போகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்றே சொல்வேன். அவருக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வோ, இதைவிட நன்றாகச் சம்பளம் தரும் இன்னொரு பள்ளியோதான் சரி.