காற்று வீசட்டும், கையில் .177 இருக்கிறது!

காற்று வீசும் நாளில் ஏர் ரைபிள் சுடுவதற்கு இணையான இன்பத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை. அந்த இன்பத்தை முழுசாகத் தரும் கேலிபர் எது என்று கேட்டால், ஒரு நொடியும் யோசிக்காமல் .177 என்பேன். அதாவது 4.5 மில்லிமீட்டர் விட்டம், பல்குத்தும் குச்சியின் நீளம்கூட இல்லாத ஈயப் பெல்லட். அதை நம்பித்தான் இங்கிலாந்தின் தென்பகுதியில் மழையும் காற்றும் மாறி மாறி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லில் குப்புறப் படுத்துக் கிடக்கிறேன். அவ்வளவு சந்தோஷம்!

நான் ஆடுவது ஹன்டர் ஃபீல்டு டார்கெட். இதற்குத் தாய் விளையாட்டான ஃபீல்டு டார்கெட் 1980-இல் சசெக்ஸ் பகுதியின் மேகம் டவுனில் பிறந்தது. எலி, காகம், முயல் உருவத்தில் வெட்டிய இரும்புத் தகடுகளைக் காட்டுக்குள்ளும் வெளியிலும் 8 கெஜம் முதல் 45 கெஜம் வரை ஆங்காங்கே நட்டிருப்பார்கள். தகட்டில் ஒரு வட்டத் துளை. அதற்குள் பெல்லட் புகுந்து பின்னாலுள்ள துடுப்பைத் தட்டினால் தகடு பின்பக்கம் சாயும், 2 புள்ளி. துளையை விட்டுத் தகட்டில் பட்டால் 1. எதிலும் படாவிட்டால் பூஜ்யம். தூரத்தைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு ஸ்கோப்பைத் திருகக் கூடாது. அத்துடன் காற்றும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு அழகான புதிர்!

இங்கிலாந்தில் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளின் சக்திக்கு 12 அடி-பவுண்டு என்று சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. .177 என்றாலும் .22 என்றாலும் வரம்பு ஒன்றுதான். அந்தச் சக்தியை எந்த விட்டத்துக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் மைதானத்துக்கு வரும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் .22-இன் பரம ரசிகர். "பாரமான குண்டெண்டால் காத்து அசைக்கேலாது தம்பி" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 8.44 கிரெயின் எடையுள்ள .177 எங்கே, 15.89 கிரெயின் .22 எங்கே!

ஆனால் காற்று எடையை மட்டும் பார்ப்பதில்லை. இந்த இடத்தில்தான் இயற்பியல் என்னைச் சொக்க வைக்கிறது. காற்றுத் தடையே இல்லாத வெற்றிடத்தில் பெல்லட் இலக்கை அடைய ஒரு நேரம் ஆகும். நிஜ உலகில் தடையால் வேகம் குறைந்து அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அந்தக் கூடுதல் நேரத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் விலகல். இவ்வளவே சூத்திரம்! இரண்டு கேலிபரையும் இதில் பொருத்திப் பாருங்கள். .177 நொடிக்கு ஏறக்குறைய 790 அடி வேகத்தில் கிளம்புகிறது, ஆனால் வேகத்தைச் சீக்கிரம் இழக்கிறது. .22 சுமார் 575 அடி வேகத்தில்தான் கிளம்புகிறது, ஆனால் அதை மெதுவாக இழக்கிறது. 45 கெஜத்தில் இரண்டுக்கும் கூடுதல் நேரம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் இரண்டும் தோராயமாக 4 அங்குலம் விலகுகின்றன. .22-க்குச் சாதகம் கால் அங்குலம்கூட இல்லை.

சரி, காற்றில் சமம் என்றால் .177-ஐ ஏன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன்? உயரம்தான் காரணம்! மெதுவாகப் போகும் பெல்லட் அதிக நேரம் விழுகிறது. 35 கெஜத்துக்கு ஸ்கோப்பை அமைத்துவிட்டு, 45 கெஜத்தில் நிற்கும் முயலை 40 என்று மதிப்பிட்டுச் சுடுவதாக வைத்துக்கொள்வோம். .177 ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே கீழே இறங்கும். .22 ஓர் அங்குலத்தைத் தாண்டி இறங்கும். 40 மில்லிமீட்டர் துளையின் மையத்திலிருந்து விளிம்புக்கு முக்கால் அங்குலம்தான் என்பதை நினைத்தால் இந்த வித்தியாசத்தின் அருமை புரியும். .177 துளையின் கீழ் விளிம்பை உரசும் இடத்தில், .22 துளையை விட்டே விலகிப்போகும்.

ஒரு நாள் திறந்த வெளியிலிருந்த ஒரு பெக்கில் (சுடும் இடத்தில்) அண்ணையும் நானும் துப்பாக்கியை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தோம். இடமிருந்து வலமாகச் சீரான காற்று. இலக்கு தூரத்துக் காகம். அவருடைய .22-இல் எனக்கு இரண்டு கணக்கு ஒரே நேரத்தில் ஓடியது: எவ்வளவு மேலே பிடிப்பது, எவ்வளவு இடப்பக்கம் ஒதுக்குவது. .177-ஐ வாங்கித் தோளில் வைத்ததும் ஒரு கணக்கு ஏறக்குறைய காணாமல் போனது. மனம் முழுவதையும் காற்றுக்குக் கொடுக்க முடிந்தது. 10 மடங்கு ஸ்கோப்பில் மில்-டாட் என்னும் அளவுப் புள்ளி ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடப்பக்கம் ஒதுக்கி விசையை இழுத்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்ததால் பெல்லட் போவது கண்ணுக்கே தெரிந்தது. நேராகப் போய், கடைசியில் வலப்பக்கம் வளைந்து துளைக்குள் நுழைந்தது. டங்! காகம் சாய்ந்தது. "காத்து ரெண்டுக்கும் ஒண்டுதான் போல" என்று அண்ணையே சிரித்தார்.

சின்ன விட்டத்துக்கு இன்னொரு வரமும் உண்டு. துளையின் விளிம்பைத் தொடாமல் உள்ளே போக அதற்கு இடம் அதிகம். 15 மில்லிமீட்டர் துளையில் .177-இன் மையம் 5.25 மி.மீ. வரை விலகலாம்; .22-க்கு 4.75 மி.மீ. மட்டும். காற்றுக்காக ஒதுக்கும்போது அந்த அரை மில்லிமீட்டர் பொன்னுக்குச் சமம்.

உயரக் கவலை ஒழிந்த பிறகு காற்றைப் படிக்கும் ஆனந்தம் தொடங்குகிறது. சாய்ந்த தகட்டை நிமிர்த்த ஒவ்வொரு இலக்கிலிருந்தும் சுடும் இடம் வரை ஒரு கயிறு வரும். அந்தக் கயிறு எந்த இடத்தில் எவ்வளவு வில்லாக வளைந்து நிற்கிறது என்று பார்த்தால் பெல்லட் போகும் வழி நெடுகக் காற்றின் நிலவரம் தெரிந்துவிடும். புல்நுனி, காஞ்சொறிச் செடி, மரத்தின் உயரத்து இலை எல்லாமே பேசும். இலக்குக்குப் பக்கத்துக் காற்றைவிடத் துப்பாக்கிக்குப் பக்கத்துக் காற்றையே நான் அதிகம் கவனிப்பேன். தொடக்கத்தில் கிடைக்கும் சின்னத் தள்ளு, மிச்சத் தூரம் முழுக்க வளர்ந்துகொண்டே போகும் அல்லவா? காற்று செங்குத்தாகப் பக்கத்திலிருந்து வந்தால் முழு விலகல். சுடும் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில் வந்தால் பாதி. எதிர்க்காற்றும் பின்காற்றும் இந்தத் தூரத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. தூரம் கூடினால்தான் ஜாக்கிரதை வேண்டும்: 25 கெஜத்தில் ஒன்றேகால் அங்குலம் தள்ளும் காற்று, 45-இல் நாலு அங்குலத்தைத் தாண்டித் தள்ளும்.

இன்னும் எடை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு ரகசியம். கேலிபரை மாற்ற வேண்டாம், பெல்லட்டை மாற்றுங்கள்! செக் நாட்டின் ஜேஎஸ்பி நிறுவனம் .177-இலேயே 10.34 கிரெயின் பெல்லட்டும் தருகிறது. 12 அடி-பவுண்டில் அது நொடிக்கு 715 அடி வேகத்தில் போகும். 45 கெஜத்தில் அதே 10 மைல் காற்றில் விலகல் கணக்குப்படி மூன்றரை அங்குலத்தை ஒட்டித்தான் வருகிறது. .22-ஐவிடக் குறைவு! இறக்கம் 8.44-ஐவிட ஓர் அங்குலம் போலக் கூடும், அவ்வளவே. எல்லாக் குழாய்க்கும் இது ஒத்துவராது. உங்கள் குழாய் இதை விரும்பி ஒரே இடத்தில் நெருக்கமாகப் போட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

சக்தி வரம்பு தளர்ந்த இடத்தில் கதை வேறு. அமெரிக்காவின் அரிசோனாவில் நடக்கும் எக்ஸ்ட்ரீம் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் 100 கெஜத்துக்குச் சுடுகிறார்கள். அங்கே .22, .25, .30 என்று பெரிய விட்டங்கள்தான். பெல்லட் ஒலியின் வேகத்தை நெருங்கினால் தடுமாறத் தொடங்கும். அதனால் .177-க்குக் கூடுதல் சக்தியைக் கொடுத்தும் பயனில்லை. அந்தச் சக்தியை வாங்கிக்கொள்ள 25.39 கிரெயின் .22-உம் 33.95 கிரெயின் .25-உம் வேண்டும். வேகம் சமமாக இருக்கும்போது தடையை நன்றாகத் தாங்கும் கனமான பெல்லட் காற்றில் ஜெயிக்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு நல்ல சேதி. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி .177-க்கு மேற்பட்ட விட்டமோ 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ கொண்ட ஏர் ரைபிளுக்குத்தான் உரிமம் தேவை. 20 ஜூல் என்பது 15 அடி-பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சக்தியில் காற்றுக்கு ஏற்ற கேலிபர் எதுவோ, அதையே சட்டமும் உங்கள் கையில் கொடுக்கிறது! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் உடுமலைப் பக்கமோ, காற்றாலைகள் சுழலும் முப்பந்தல் பக்கமோ உங்களுக்குச் சொந்தத் தோட்டம் இருந்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பெல்லட்டை முழுசாகத் தாங்கும் மண்மேட்டைப் பின்னால் எழுப்புங்கள். காகித இலக்கை மட்டும் சுடுங்கள். பறவையையோ விலங்கையோ ஒருபோதும் குறிவைக்காதீர்கள். காற்று அடங்கட்டும் என்று காத்திருக்காமல், அது வீசும்போதே .177-ஐ எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.